அவர் போகாத நாடுகள்

அந்தத் தமிழ்ச் சேனல் மலேசியாவுக்கு வந்த சமயத்தில், உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் ஒரு வேன் சுற்றியது. சென்னையிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு என்று அதன் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டே போனது. எங்கள் வீட்டில் ஏற்கெனவே கட்டணத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மாதக் கட்டணத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் இதுவும் வரும். சீரியல், பாட்டு, சமையல், விளையாட்டு நிகழ்ச்சி எல்லாம் உண்டு. செய்தி மட்டும் கிடையாது. என் கணவருக்குப் பிடித்ததே அதுதான்.

"செய்தியெல்லாம் பாலத்துல நிக்கும்போதே காதுல விழுந்துடுது லா. வீட்டுக்கு வந்தா சிரிக்கணும்" என்றார்.

அவர் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை செய்தார். தினமும் விடியும் முன்பே மோட்டாரில் கிளம்பி, ஜொகூர் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பிறகு திரும்புவார். நான் செனாயில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுத் தகடுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் பிரிவில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கொஞ்ச காலம் மருத்துவமனைக்கு அலைந்தோம். பிறகு ஒரு நாள் இருவருமே அதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டோம்.

அந்தச் சேனலில் கணவன் மனைவி சேர்ந்து கலந்துகொள்ளும் விளையாட்டு ஒன்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வரும். மலேசியாவுக்கு வந்ததும் அதில் மலேசியா சிறப்புப் பகுதி எடுக்கப் போவதாக அறிவித்தார்கள். என்னிடம் சொல்லாமலே இவர் எங்கள் பெயர்களைக் கொடுத்துவிட்டார். தேர்வாகிவிட்டோம் என்று போன் வந்த அன்றுதான் எனக்குத் தெரியும்.

"அலமாக், கோவிச்சுக்காத. போய்ப் பார்ப்போம். தோத்துட்டா நல்லா சாப்பிட்டுட்டு வந்துடுவோம்" என்றார்.

ஜொகூர் பாருவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தைத்தான் படப்பிடிப்புக் கூடமாக மாற்றியிருந்தார்கள். குளிர் எலும்புக்குள் இறங்கியது. எங்களைக் கவனித்துக்கொண்டவள் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தாள். என் புடவை மடிப்பில் ஊசி குத்தியதும் அவள்தான். நிகழ்ச்சி நடத்துநர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கேமரா ஓடாதபோது சிரிக்காத மனிதர், ஓடத் தொடங்கியதும் அப்படிச் சிரித்தார்.

முதல் கேள்வி சாதாரணக் கேள்வி. ஒரு நாளை எப்படி ஆரம்பிப்பீர்கள் என்று இவரிடம் கேட்டார்.

"வெள்ளனையே எழும்பி, பசியாறிட்டு, மோட்டார்ல சிங்கப்பூருக்குப் போயிடுவேன் லா" என்றார் இவர்.

நடத்துநர் கையைத் தூக்கினார். கேமரா நின்றது. "பசியாறிட்டுன்னா என்ன சார்?"

"காலையில சாப்பிடறது."

"மோட்டார்ல எப்படிப் போவீங்க? எங்க ஊர்ல மோட்டார்னா கிணத்துல தண்ணி இறைக்கறது."

மண்டபத்தில் எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்தப் பெண் எங்கள் அருகில் வந்து, இந்த நிகழ்ச்சியைப் பல நாடுகளில் பார்ப்பார்கள், எல்லோருக்கும் புரிகிற மாதிரிப் பேசுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். டிபன் என்று சொல்லுங்கள், பைக் என்று சொல்லுங்கள், 'லா' மட்டும் வேண்டாம் என்றாள். இவர் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தலையாட்டினார். அடுத்த முறை, "காலையில சீக்கிரமா எழுந்து, டிபன் சாப்பிட்டு, பைக்ல சிங்கப்பூர் போவேங்க" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வாழ்நாளில் டிபன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. எனக்குப் பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள்.

நடுவில் நடத்துநர், "குழந்தைங்க எத்தனை பேரு?" என்று கேட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று முன்கூட்டியே அவரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது. நான் மேசையைப் பார்த்தேன். இவர் சட்டென்று, "நாங்க ரெண்டு பேருதான் லா. போதும். வீடு நெறைஞ்சுதான் இருக்கு" என்றார். யாரோ கட் என்றார்கள். நடத்துநர் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கேமராவுக்கு அது நடக்காத விஷயம்.

இரண்டாவது சுற்றில் தோற்றோம். பரிசாக ஒரு சோறு பொங்கும் பானையும் ஒரு பையும் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் தெப்ராவில் நிறுத்தி மீன் தலைக் கறி சாப்பிட்டோம். அவர் அன்றைக்கு நல்ல குஷியில் இருந்தார்.

ஒளிபரப்புக்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

விடியற்காலை மழை. நெடுஞ்சாலையில் ஒரு லாரி வழுக்கிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை. நான் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடிக்கு முன் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பக்கத்தில் வந்து நின்று, என் கையுறைகளை அவரே ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிறகு, "சாபார் யா, காக்" என்றார். பொறுத்துக்கொள் அக்கா என்று அர்த்தம். அப்போதுகூட, கையில் இருந்த தகட்டில் பழுது இருந்ததா என்று பார்க்காமல் வந்துவிட்டோமே என்றுதான் எனக்கு ஓடியது.

அழுகை வரவில்லை. வரும் என்று நானும் காத்திருந்தேன், மற்றவர்களும் காத்திருந்தார்கள். என் கணவரின் அக்கா சிகாமட்டிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து அழுதார். அவர்தான் இவரை வளர்த்தவர். தோட்டத்தில் அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு, பள்ளிக்கூடக் கேண்டினில் வேலை பார்த்து, இவரைப் படிக்க வைத்து, கல்யாணம் செய்து வைத்தவர். தனக்கென்று குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. அழுது ஓய்ந்த நேரங்களில் என்னைப் பார்ப்பார். நான் வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

கருமக்கிரியை முடிந்த வாரம் அந்தச் சின்னப் பெண் போன் செய்தாள். "அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை உங்க எபிசோட் வருது. வீட்ல எல்லாரும் பாருங்க" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். ஐயோ அக்கா என்றாள். பிறகு, வேண்டாம் என்றால் நிறுத்தச் சொல்கிறேன், மேலே பேசிப் பார்க்கிறேன் என்றாள். அக்காவிடம் கேட்டேன்.

"போடச் சொல்லு. நான் என் தம்பியைப் பார்க்கணும்" என்றார்.

எனக்கு இரண்டுமே ஒன்றுதான். போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறு மாலை வீடு நிறைய ஆட்கள். திரையில் இவர் வந்ததும் யாரோ ஓ என்று அழத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் இவர் சொன்ன ஒரு வேடிக்கைக்கு இரண்டு மூன்று பேர் தங்களை மறந்து சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் என் புடவை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி குத்திய இடம் திரையில் தெரியவில்லை, நன்றாகத்தான் குத்தியிருக்கிறாள் என்று நினைத்தேன். நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் வந்தது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"நீ கல்லு" என்றார்.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மறுநாள் அவர் சிகாமட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்த நிகழ்ச்சியை மறுஒளிபரப்பின்போது தன் வீட்டுப் பெட்டியில் பதிவு செய்து வைத்திருப்பதாகவும், தினமும் பார்ப்பதாகவும் பிறகு அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித் தெரியும். என்னிடம் அவர் பேசவில்லை. பண்டிகைக்கு நான் போன் செய்தால், நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

சேனல் வளர்ந்தது. முதலில் சிங்கப்பூருக்குப் போனது. பிறகு வளைகுடா நாடுகள், லண்டன், கனடா, ஆஸ்திரேலியா. விளம்பரத்தில் ஓர் உலகப் படம் வரும். புது நாடு சேரும்போது அந்த நாடு மட்டும் மஞ்சளாக ஒளிரும். "இப்போது இங்கேயும்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். புது நாட்டில் கால் வைத்த உடனே அங்கே படப்பிடிப்பு நடத்த முடியாது அல்லவா? அதனால் ஆரம்ப வாரங்களில், வெளிநாட்டுத் தமிழர்கள் வந்த பழைய நிகழ்ச்சிகளையே போட்டார்கள். உங்களையும் தேடி வருவோம் என்று காட்டுவதற்கு. அதில் எங்களுடையதும் ஒன்று.

இதை நான் சேனலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. முகநூலில் தெரியாதவர்களிடமிருந்து செய்தி வரும். துபாயிலிருந்து ஒருவர், உங்கள் கணவர் பேச்சு அருமை என்று எழுதியிருந்தார். டொரண்டோவிலிருந்து ஓர் அம்மா, நீங்கள் இரண்டு பேரும் நூறாண்டு வாழ வேண்டும் என்று எழுதியிருந்தார். இவர் கடப்பிதழ் முழுக்க சிங்கப்பூர் முத்திரைதான், விமானத்தில் ஏறியதே இல்லை. என் தொழிற்சாலைக்கு மேலே விமானங்கள் தாழ்வாகப் பறந்து செனாயில் இறங்கும். அந்தச் செய்திகளுக்கெல்லாம் நன்றி என்று பதில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவேன்.

ஒருமுறை செனாய் விமான நிலையத்தில், சக தொழிலாளி ஒருத்தியை வழியனுப்பப் போயிருந்தேன். ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிட்னியில் இருப்பவளாம், தாய்வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாளாம்.

"நீங்க டிவியில வந்தீங்க இல்ல? அண்ணன் வரலையா?" என்றாள்.

"வேலைக்குப் போயிருக்காரு" என்றேன்.

அவள் என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். நான் சிரித்திருக்கிறேன். அப்படிச் சொன்னதற்காக நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் சீட்டைத் தேடினேன், கிடைத்தது, வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஆண்டு இறுதி மழையில் சிகாமட் ஆறு பெருகியது. அக்காவின் வீடு ஆற்றுக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதாவது சிறு கிராமத்தில், இருந்தது. அவரை ஒரு பள்ளி மண்டபத்தில் தங்க வைத்திருந்தார்கள். அங்கிருந்து, யாருடைய கைப்பேசியிலிருந்தோ எனக்கு அழைத்தார்.

"என்னாக்கா, பத்திரமா இருக்கீங்களா?"

"நான் இருக்கேன். டிவி, பெட்டி எல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சு மா." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் அதுலதான் இருந்தான்."

அவர் அழுவது கேட்டது. பின்னால் பிள்ளைகளின் சத்தம், யாரோ மலாயில் உணவுப் பொட்டலம் வாங்க வரும்படி அழைக்கும் சத்தம். "நான் கேட்டு வாங்கித் தரேங்க்கா" என்றேன். எப்படி வாங்குவது என்று எனக்குத் தெரியாது. அந்தச் சின்னப் பெண்ணின் எண்ணை அழைத்தால் ஒரு சீனர் எடுத்தார். அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள் போலிருந்தது. சேனலின் வாடிக்கையாளர் எண்ணில் பேசியவர், மறுஒளிபரப்பு வந்தால் பதிவு செய்துகொள்ளுங்கள் என்றார்.

பிறகு அவர்களே என்னை அழைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெண் குரல். தென்னாப்பிரிக்காவில் தொடங்கப் போகிறார்களாம். அதைக் கொண்டாட ஒவ்வொரு நாட்டிலிருந்தும் ஒரு ஜோடியைச் சென்னைக்கு அழைத்து விழா நடத்துகிறார்கள். மலேசியாவிலிருந்து எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

"சாரையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க மேடம். அவருக்கு எல்லா நாட்லயும் ஃபேன்ஸ் இருக்காங்க."

"அவரு இறந்துட்டாருங்க. நீங்க முதல்ல போடறதுக்கு முன்னாடியே."

"என்ன மேடம் சொல்றீங்க? எங்க கிட்ட அப்படி எதுவும் இல்லையே."

"கோலாலம்பூர்ல வேலை செஞ்ச பொண்ணுக்குத் தெரியும்."

அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் குரல் உடைந்துவிட்டது. பரவாயில்லை மா, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். இனிமேல் எங்கேயும் போடாமல் எடுத்துவிடவா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அன்றைக்கு எடுத்த படம் முழுவதும், வெட்டாமல், கிடைக்குமா?

அவள் ஒரு வாரம் கழித்து அழைத்தாள். வெட்டியதை எல்லாம் அழித்துவிடுவார்களாம். இடம் போதாதாம். ஒளிபரப்பானது மட்டும் இருக்கிறது என்று அதைக் கைப்பேசிக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை சிகாமட்டுக்குப் போனேன். தண்ணீர் வடிந்திருந்தது. சுவரில் என் தோள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அக்கா ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தரையைச் சுரண்டிக் களைத்துப் போயிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டியா?" என்றார். அவர் என்னிடம் அவ்வளவு நாளில் கேட்ட முதல் கேள்வி அது. நான் வாங்கிப் போயிருந்த ரொட்டி சானாயைப் பிரித்து இருவரும் சாப்பிட்டோம். பிறகு கைப்பேசியைத் தண்ணீர்ப் புட்டியில் சாய்த்து வைத்துப் படத்தை ஓட விட்டேன்.

இவர் வந்தார். டிபன் சாப்பிட்டு, பைக்கில் சிங்கப்பூர் போவேங்க என்றார்.

அக்கா அதை எத்தனையோ தடவை பார்த்தவர்தான். ஆனாலும் அன்றைக்கு நிறுத்தச் சொன்னார்.

"இவன் எப்ப மா டிபன்னு சொல்லியிருக்கான்? அப்பவே எனக்கு என்னவோ மாதிரி இருக்கும். உன்கிட்ட கேக்கணும்னு நெனைப்பேன்."

"அவங்க சொல்லச் சொன்னாங்கக்கா. முதல்ல பசியாறிட்டுன்னுதான் சொன்னாரு. அவங்களுக்குப் புரியல."

"வேற என்ன சொன்னான்?"

நான் சொன்னேன். மோட்டார் என்றதும் கிணற்றுத் தண்ணீர் என்று அவர்கள் சிரித்ததைச் சொன்னேன். 'லா' வரும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எடுத்ததையும், கடைசியில் இவர் வேண்டுமென்றே ஒரு தடவை சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்ததையும் சொன்னேன். குளிரில் என் கை விறைத்திருந்தபோது மேசைக்கு அடியில் பிடித்துத் தேய்த்துவிட்டார். மீன் தலைக் கறிக் கடையில் அந்த நடத்துநரைப் போலவே பேசிக் காட்டி, பரிமாற வந்தவரைச் சிரிக்க வைத்தார். பேசப் பேச இன்னும் வந்தது. இத்தனை நாள் யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பிள்ளைகள் பற்றிய கேள்விக்கு வந்தபோது தயங்கினேன். அக்காவுக்கும் அந்த வருத்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அதையும் இவர் சொன்னது போலவே சொன்னேன்.

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுகிறார் என்று நினைத்துத் திரும்பிய பிறகுதான் என் கழுத்து நனைந்திருப்பது தெரிந்தது. சத்தம் எதுவும் வரவில்லை. பெரிதாக ஒன்றும் இல்லை, குழாய் சரியாக மூடாமல் கசிவது போல. அக்கா அதைப் பார்த்தார். கைப்பேசியை எடுத்து அணைத்து என் கையில் கொடுத்தார்.

"அவங்க இதை இன்னும் போடணுமானு கேக்கறாங்கக்கா. நீங்கதான் சொல்லணும்."

"நீ என்ன நெனைக்கிற?"

"எனக்குத் தெரியலக்கா. போட்டாலும் ஒன்னும் தோணல, போடாட்டாலும் ஒன்னும் தோணல."

"அப்ப நிறுத்தச் சொல்லிடு. அங்க உள்ளவங்களுக்கு அவன் யாருன்னு தெரியாது. வெறும் ஆள்தானே" என்றார்.

திங்கட்கிழமை, மதிய உணவு இடைவேளையில் சென்னைக்கு அழைத்துச் சொன்னேன். எடுத்துவிடுகிறோம் என்று அந்தப் பெண் சொன்னாள். விழாவுக்கு ஈப்போவிலிருந்து வேறொரு ஜோடியை அழைத்தார்கள். கொஞ்ச காலத்தில் தென்னாப்பிரிக்காவும் உலகப் படத்தில் மஞ்சளாக ஒளிர்ந்தது. அங்கிருந்து யாரும் எனக்கு எழுதவில்லை. எடுத்துவிட்டார்கள் என்றுதான் இருக்க வேண்டும்.

சந்தாவை நான் நிறுத்தவில்லை. இப்போது அந்தச் சேனலில் கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்துப் போடுகிறார்கள். அக்காவுக்கு அதில் ஒன்று பிடித்துப்போய்விட்டது. வாரம் ஒருமுறை போனில் கதை சொல்வார். யார் யாருக்கு என்ன உறவு என்று எனக்குப் பிடிபடுவதில்லை, உம் கொட்டிக் கேட்டுக்கொள்கிறேன். வேலையில் இன்னும் அதே பிரிவு, அதே இருக்கை. பெரும்பாலான நாட்களில் எதுவும் தோன்றாமல்தான் போகிறது. நான் கல்தானோ என்ற பழைய பயம் இப்போது இல்லை.

விடுமுறை கிடைத்தால் சிகாமட்டுக்குப் போகிறேன். போன முறை அக்கா வீட்டுச் சுவருக்குச் சாயம் அடித்தோம். அவர் பச்சைதான் வேண்டும் என்றார். மழைக்காலம் என்பதால் காய நேரம் பிடித்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்து, மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, இரண்டு பேரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தோம்.